‘போர்டு போச்சு’ என்று சொல்லிவிட்டார்களா? பயாஸ் சிப் பழுதானால் கம்ப்யூட்டரை மீட்க முடியுமா? - முழு விளக்கம்

பவர் பட்டனை அழுத்தினால் லைட் எரிகிறது. உள்ளே ஃபேன் சுற்றும் சத்தமும் கேட்கிறது. ஆனால் ஸ்கிரீனில் ஒரு எழுத்துகூட வரவில்லை. கடைக்கு எடுத்துப் போனால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மதர்போர்டு போச்சு, மாத்தணும்" என்கிறார்கள். போர்டு மாற்றும் காசுக்கு செகண்ட் ஹேண்டில் வேறு லேப்டாப்பே வாங்கிவிடலாம் போல இருக்கிறதே என்று யோசித்து, பல வீடுகளில் அந்த மெஷின் பரணுக்குப் போய்விடுகிறது.

ஆனால் இந்த அறிகுறி இருந்தாலே போர்டு செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. போர்டில் இருக்கும் துவரம் பருப்பு அளவு சிப் ஒன்றில் எழுதப்பட்ட விவரம் மட்டும் கெட்டுப் போயிருக்கலாம். அப்படியானால் அதை அழித்துத் திரும்ப எழுதினாலே கம்ப்யூட்டர் உயிர் பெற்றுவிடும். அந்தச் சிப்பில் என்ன இருக்கிறது, அது எப்படிக் கெடுகிறது, கடையில் அதை எப்படிச் சரி செய்கிறார்கள், கொடுப்பதற்கு முன் நீங்கள் என்ன கேட்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சேக்காடு, ஆவடி பக்கம் இது ஏன் முக்கியம்?

தமிழ்நாடு அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கிய இடமே திருவள்ளூர் மாவட்டம்தான். 2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்தநாளில், திருவள்ளூர் அருகே காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா அதைத் தொடங்கி வைத்தார். அதன் பிறகு வந்த ஆண்டுகளில் மாநிலம் முழுக்க லட்சக்கணக்கான மாணவர்கள் கைக்கு லேப்டாப் போய்ச் சேர்ந்தது. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் தரப்படும் என்று 2025 மார்ச் மாத பட்ஜெட்டிலும் அறிவிப்பு வந்தது.

ஆவடி மாநகராட்சிக்குள் வரும் சேக்காடு மாதிரி பகுதிகளில், வீட்டில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டர் இப்படி வந்த லேப்டாப்பாகவோ, செகண்ட் ஹேண்டில் வாங்கியதாகவோ இருப்பது சகஜம். இரண்டுக்கும் வாரன்டி முடிந்திருக்கும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் போய் நின்றால் முழு போர்டையும் மாற்றச் சொல்வார்கள். மிச்சம் இருக்கும் வழி, பக்கத்தில் உள்ள சிப் லெவல் சர்வீஸ் கடை. இல்லையென்றால் இந்து கல்லூரி ஸ்டேஷனிலோ ஆவடியிலோ ரயில் ஏறி சென்ட்ரல் போய், அங்கிருந்து ரிச்சி தெரு.

மழையையும் மறந்துவிடக் கூடாது. சேக்காடு சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்குவது ஆவடிக்காரர்களுக்குப் புதிதல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையின் மேற்குப் புறநகரும் தண்ணீரில் தத்தளித்தது. ஈரம், அடிக்கடி போகும் கரண்ட் இரண்டுமே இந்தச் சின்னச் சிப்புக்கு ஆகாதவை.

பயாஸ் சிப் என்றால் என்ன?

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் பிராசஸருக்கு எதுவும் தெரியாது. ரேம் எவ்வளவு இருக்கிறது, ஸ்கிரீன் எங்கே இருக்கிறது, விண்டோஸ் எந்த டிஸ்க்கில் இருக்கிறது என எல்லாவற்றையும் யாராவது அதற்குச் சொல்ல வேண்டும். அந்த முதல் பாடம்தான் பயாஸ். இப்போது வரும் மெஷின்களில் இருப்பது அதன் அடுத்த தலைமுறையான யுஇஎஃப்ஐ. ஆனாலும் கடையில் எல்லோரும் பயாஸ் என்றுதான் சொல்கிறார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

வன்பொருள், மென்பொருள் என்ற இரண்டு சொற்களும் நமக்குத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஃபர்ம்வேருக்குத் தமிழில் நிலைபொருள் என்று பெயர். பொருத்தமான சொல்தான். கரண்ட் போனாலும், விண்டோஸை அழித்தாலும், ஹார்டு டிஸ்க்கையே கழற்றினாலும் அது போர்டிலேயே நிலைத்து நிற்கும்.

அது எழுதப்பட்டிருக்கும் சிப்பை எஸ்பிஐ ஃபிளாஷ் என்பார்கள். பெரும்பாலும் எட்டுக் கால்களுடன் கருப்பாக இருக்கும். வின்பாண்ட், மேக்ரோனிக்ஸ், கிகாடிவைஸ் போன்ற கம்பெனிகளின் சிப்கள் அதிகம் வருகின்றன. ஒரு சிப்பின் மேல் 25க்யூ64 என்று போட்டிருந்தால் அது 64 மெகாபிட், அதாவது 8 எம்பி. 25க்யூ128 என்றால் 16 எம்பி. வாட்ஸ்அப்பில் வரும் ஒரு வீடியோ அளவுகூட இல்லை. ஆனால் அது இல்லாமல் கம்ப்யூட்டர் எழுந்திருக்காது.

இதில் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஆன் செய்யும்போது பல கம்ப்யூட்டர்களில் வரும் ‘அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ்’ என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். பயாஸ் எழுதும் முக்கியமான கம்பெனிகளில் அது ஒன்று. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த சுப்ரமணியன் சங்கர் 1985இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணத்தில் அதைத் தொடங்கினார். அந்தக் கம்பெனிக்குச் சென்னையிலும் அலுவலகம் இருக்கிறது.

பயாஸ் எப்படிக் கெட்டுப் போகிறது?

முதல் காரணம், அப்டேட் பாதியில் நிற்பது. பயாஸ் அப்டேட் ஆகும்போது பழைய விவரம் அழிக்கப்பட்டுப் புதியது எழுதப்படும். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனாலோ, அவசரத்தில் பவர் பட்டனை அழுத்தினாலோ சிப்பில் பாதி புதியதும் பாதி வெறுமையுமாக நின்றுவிடும். அடுத்த முறை ஆன் செய்தால் கருப்பு ஸ்கிரீன்தான்.

இரண்டாவது, தப்பான ஃபைல். வெளியே பார்த்தால் ஒரே மாடல். உள்ளே போர்டு வேறாக இருக்கும். ஒன்றின் பயாஸை இன்னொன்றில் ஏற்றினால் அது வேலை செய்யாது.

மூன்றாவது, வைரஸ். இதற்கு வரலாற்றிலேயே பெரிய உதாரணம் 1999இல் நடந்தது. தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் எழுதிய சிஐஎச் என்ற வைரஸ் 1998இல் பரவத் தொடங்கியது. 1999 ஏப்ரல் 26 வரை அது சத்தமில்லாமல் காத்திருந்தது. செர்னோபில் அணு உலை விபத்து நடந்த அதே தேதி என்பதால் செர்னோபில் வைரஸ் என்ற பெயரும் அதற்கு ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு அது விண்டோஸ் 95, 98 இருந்த கம்ப்யூட்டர்களில் ஹார்டு டிஸ்க்கின் தொடக்கப் பகுதியில் குப்பையை எழுதியது. சில வகை போர்டுகளில் பயாஸ் சிப்பையும் விட்டுவைக்கவில்லை. ஆசிய நாடுகளில் பாதிப்பு பெரிதாக இருந்தது. ஒரு சாஃப்ட்வேரால் கம்ப்யூட்டரின் உடம்பையே முடக்க முடியும் என்று பலருக்கும் அன்றுதான் புரிந்தது.

அன்று பல போர்டுகளில் பயாஸ் சிப்பை சாக்கெட்டில் சொருகியிருப்பார்கள். கையாலேயே பிடுங்கலாம். அதனால் மெக்கானிக்குகள் ஒரு வித்தை செய்தார்கள். அதே மாதிரி நல்ல போர்டு ஒன்றை ஆன் செய்து, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் சிப்பைக் கழற்றி, கெட்டுப் போன சிப்பைச் சொருகி அதில் பயாஸை எழுதிவிடுவார்கள். கொஞ்சம் கை தவறினால் இரண்டு போர்டும் காலி. இப்போது லேப்டாப்களில் சிப்பை போர்டிலேயே சால்டர் செய்துவிடுகிறார்கள். அந்த வித்தைக்கு இடமில்லை; தனி மெஷின் தேவை.

நான்காவது, யாருமே எதிர்பார்க்காத காரணம்: ஆபரேட்டிங் சிஸ்டம். 2017இல் வெளியான உபுண்டு 17.10 லினக்ஸில், இன்டெல்லின் எஸ்பிஐ டிரைவர் காரணமாக லெனோவோ, ஏசர், தோஷிபா லேப்டாப்கள் சிலவற்றில் பயாஸ் பாதிக்கப்பட்டது. செட்டிங்ஸை மாற்றினால் சேவ் ஆகவில்லை. சிலவற்றில் பென்டிரைவிலிருந்து பூட் செய்யவும் முடியவில்லை. அந்த டிசம்பரில் உபுண்டு தளத்திலிருந்து டவுன்லோடு இணைப்பையே நிறுத்தி வைத்தார்கள். தப்பு செய்தது யூசர் இல்லை, வைரஸும் இல்லை.

ஐந்தாவது, சிப்பே பழுதாவது. தண்ணீர் பட்டுக் காலில் பச்சை பூத்தாலோ, வோல்டேஜ் எகிறினாலோ, வயதானாலோ இது நடக்கலாம். இந்த வகைச் சிப்பை ஒரு லட்சம் முறை அழித்து எழுதலாம், எழுதியது 20 ஆண்டுகள் இருக்கும் என்று வின்பாண்ட் தன் சிப் விவரக் குறிப்பில் சொல்கிறது. அதனால் வெறும் வயதால் கெடுவது அபூர்வம்தான்.

பயாஸ்தான் பிரச்சினை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கருப்பு ஸ்கிரீனுக்குப் பல காரணங்கள் உண்டு. ரேம் சரியாக உட்காரவில்லை, டிஸ்ப்ளே கேபிள் லூஸ், சார்ஜர் பழுது எனப் பத்து விஷயம் இருக்கும். பயாஸை சந்தேகப்படுவதற்கு முன் காசில்லாமல் சில சோதனைகள் செய்யலாம்.

சார்ஜரைப் பிடுங்குங்கள். கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் போட்டு ஆன் செய்து பாருங்கள். அடுத்து, எச்டிஎம்ஐ கேபிளில் டிவியையோ மானிட்டரையோ இணையுங்கள். அதில் படம் வந்தால் பயாஸ் நன்றாக இருக்கிறது, ஸ்கிரீன் பக்கம்தான் கோளாறு. டெஸ்க்டாப் என்றால் ரேமைக் கழற்றித் திரும்பப் போட்டுப் பாருங்கள். சிஆர்2032 என்ற காசு பேட்டரி 3 வோல்ட் தர வேண்டும். அது தீர்ந்தால் தேதி, நேரம் தப்பாக வரும். செட்டிங்ஸ் மறந்து போகும். அதை மாற்றினாலே சரியாகும் கேஸ்களும் உண்டு.

கேப்ஸ் லாக் லைட் விட்டு விட்டு எரிகிறதா, பீப் சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். எத்தனை முறை என்று எண்ணி, அந்தக் கம்பெனியின் உதவிப் பக்கத்தில் உங்கள் மாடலுக்குப் பாருங்கள். ரேம் கோளாறுக்கு ஒரு கணக்கு, பயாஸ் கோளாறுக்கு வேறு கணக்கு இருக்கும்.

எல்லாவற்றையும்விட வலுவான தடயம், பிரச்சினை எப்போது தொடங்கியது என்பதுதான். பயாஸ் அப்டேட் ஓடும்போது நின்ற மெஷின் என்றால் சந்தேகம் நேராகப் பயாஸ் மேல்தான். கடையில் கொடுக்கும்போது இந்தத் தகவலை மறைக்காமல் சொல்லுங்கள். அவர்கள் தேடும் நேரம் பாதியாகக் குறையும்.

கடைக்குப் போகாமலே மீட்க வழி உண்டா?

சில மெஷின்களில் உண்டு. எச்பி லேப்டாப்களில் விண்டோஸ் கீயையும் பி கீயையும் அழுத்திப் பிடித்தபடி பவர் பட்டனை 2, 3 விநாடி அழுத்தினால், டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ உள்ள நல்ல பயாஸை அதுவே தேடி எடுத்துக்கொள்ளும். டெல் லேப்டாப்களில் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, கன்ட்ரோல், எஸ்கேப் இரண்டையும் பிடித்தபடி சார்ஜரைச் சொருக வேண்டும். மீட்பு ஸ்கிரீன் வந்தால் அங்கிருந்து தொடரலாம். பழைய மாடல்கள் எல்லாவற்றிலும் இந்த வசதி இருக்காது.

டெஸ்க்டாப் போர்டுகளில் இன்னும் சுலபம். கிகாபைட்டின் டூயல் பயாஸ் போர்டுகளில் இரண்டு பயாஸ் இருக்கும்; ஒன்று கெட்டால் மற்றொன்று கைகொடுக்கும். ஏசஸ், எம்எஸ்ஐ கம்பெனிகளின் பல போர்டுகளில் பின்பக்கம் இதற்கென்றே ஒரு பட்டன் இருக்கும். கம்பெனி சொல்லும் பெயரில் ஃபைலைப் பென்டிரைவில் வைத்து, அதற்குரிய யுஎஸ்பி துளையில் சொருகி அந்தப் பட்டனை அழுத்தினால் போதும். மெஷின் ஆன் ஆகவே தேவையில்லை.

இவை எதுவும் பலிக்கவில்லையா? அப்போதுதான் சிப்பில் கை வைக்க வேண்டும்.

கடையில் என்ன செய்கிறார்கள்?

முதலில் போர்டில் ஷார்ட் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். டிசி பவர் சப்ளையில் போட்டு எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று கவனிப்பார்கள். பயாஸ் சிப்புக்கு வர வேண்டிய வோல்டேஜ் வருகிறதா என்று மீட்டரில் அளப்பார்கள். வோல்டேஜே வரவில்லை என்றால் சிப்பை எழுதிப் பயனில்லை; கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

அடுத்தது புரோகிராமர். யுஎஸ்பியில் இணைக்கும் ஒரு சின்ன போர்டு அது. அதிலிருந்து வரும் கிளிப்பை சிப்பின் எட்டுக் கால்களில் கவ்வ வைப்பார்கள். சிப்பின் ஒரு மூலையில் புள்ளி இருக்கும், அதுதான் முதல் கால். கிளிப்பின் சிவப்பு வயர் அங்கே வர வேண்டும். திருப்பி மாட்டினால் சிப் கருகலாம். இதைச் செய்வதற்கு முன் சார்ஜர், பெரிய பேட்டரி, காசு பேட்டரி மூன்றையும் கழற்றியிருக்க வேண்டும்.

இங்கே வோல்டேஜ் விஷயத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய போர்டுகளில் 3.3 வோல்ட் சிப்தான் அதிகம். புதிய லேப்டாப்கள் பலவற்றில் 1.8 வோல்ட் சிப் வருகிறது. மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கும் சிஎச்341ஏ என்ற கருப்பு நிறப் புரோகிராமரில் டேட்டா கால்களில் 5 வோல்ட் வரை வரும் வகை ஒன்று உண்டு. அதை அப்படியே 1.8 வோல்ட் சிப்பில் மாட்டினால், விவரம் மட்டும் கெட்டிருந்த சிப் நிஜமாகவே செத்துவிடும். அதற்குத் தனி அடாப்டர் வேண்டும். யூடியூப் பார்த்து வீட்டிலேயே முயற்சி செய்பவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது.

அதன் பிறகு வருவதுதான் முக்கியமான கட்டம்: சிப்பில் இருப்பதைப் படித்து ஒரு ஃபைலாகச் சேமிப்பது. ஒரு முறை படித்தால் போதாது. இரண்டு, மூன்று முறை படித்து ஒப்பிட வேண்டும். ஓலைச்சுவடியைப் பதிப்பிப்பவர்கள் பல பிரதிகளை வைத்துக்கொண்டு பாடபேதம் பார்ப்பார்களே, அதே கதைதான். இரண்டு முறை படித்ததில் ஒரு எழுத்து மாறினாலும் கிளிப் சரியாகக் கவ்வவில்லை என்று அர்த்தம். அந்த ஃபைலை நம்பக் கூடாது. போர்டில் இருக்கும்போது சரியாகப் படிக்க முடியாவிட்டால் ஹாட் ஏர் வைத்துச் சிப்பைக் கழற்றித் தனியாகப் படிப்பார்கள். கால் இல்லாத தட்டைச் சிப் என்றால் சாதாரணக் கிளிப் கவ்வாது, பெரும்பாலும் கழற்றத்தான் வேண்டும்.

பிறகு போர்டில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்குப் பொருந்தும் நல்ல பயாஸ் ஃபைலை எடுத்து, சிப்பை அழித்து, எழுதி, எழுதியது சரியா என்று மறுபடி ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒப்பீட்டில் தொடர்ந்து பிழை வந்தால் சிப்பே போய்விட்டது. அதே அளவு, அதே வோல்டேஜ் உள்ள புதுச் சிப்பில் எழுதி அதை சால்டர் செய்வார்கள். சிப்பின் விலை பெரும்பாலும் நூறு, இருநூறு ரூபாய்க்குள்தான். நீங்கள் கொடுக்கும் காசு கைவேலைக்கும் அனுபவத்துக்கும்.

எழுதி முடித்து முதல் முறை ஆன் செய்யும்போது உடனே ஸ்கிரீன் வராது. ரேமைப் புதிதாக அளந்து பழக அதற்குச் சில நிமிடம் ஆகலாம். ஒன்றிரண்டு முறை தானாகவே ஆஃப் ஆகி ஆன் ஆகலாம். அவசரப்படக் கூடாது.

பழைய விவரத்தை ஏன் சேமிக்க வேண்டும்? அதுதான் கெட்டுப் போச்சே!

பலரும் கோட்டை விடும் இடம் இதுதான். கெட்டுப் போன சிப்பில் எல்லாமே கெட்டிருக்காது. அதில் உங்கள் மெஷினுக்கு மட்டுமே உரிய விவரங்கள் இருக்கும். சீரியல் நம்பர், யுயுஐடி என்ற அடையாள எண், சில போர்டுகளில் நெட்வொர்க் கார்டின் மேக் அட்ரஸ் எல்லாம் அதற்குள்தான். விண்டோஸ் 8 காலத்திலிருந்து, கம்பெனியே விண்டோஸ் போட்டுக் கொடுத்த லேப்டாப்களில் அதன் லைசென்ஸ் கீயும் இந்தச் சிப்பில்தான் இருக்கிறது.

சேமிக்காமல் அழித்துவிட்டு, வேறொரு லேப்டாப்பிலிருந்து எடுத்த ஃபைலை அப்படியே ஏற்றினால் என்ன ஆகும்? மெஷின் ஆன் ஆகிவிடும். நீங்களும் சந்தோஷமாக வாங்கி வந்துவிடுவீர்கள். ஆனால் அது இப்போது யாரோ ஒருவருடைய சீரியல் நம்பரோடு ஓடும். வாரன்டி மிச்சமிருந்தால் கம்பெனி பதிவில் உங்கள் மெஷின் பொருந்தாது. விண்டோஸ் ஆக்டிவேஷன் கேட்கலாம். பழைய சிப்பின் நகல் கையில் இருந்தால், நல்ல பயாஸுக்குள் உங்கள் விவரங்களை எடுத்து வைத்துத் திரும்ப எழுதிவிடலாம். நகல் இல்லாவிட்டால் அது முடியாது. சீரியல் நம்பராவது மெஷினின் அடியில் ஒட்டியிருக்கும். லைசென்ஸ் கீ அப்படி எங்கும் ஒட்டியிருக்காது.

இன்டெல் போர்டுகளில் எம்இ என்று இன்னொரு பகுதியும் இதே சிப்பில் உண்டு. வேறு மெஷினில் ஓடிய எம்இ பகுதியைச் சுத்தம் செய்யாமல் ஏற்றினால் ஃபேன் முழு வேகத்தில் சுற்றும், அல்லது சரியாக 30 நிமிடத்தில் மெஷின் ஆஃப் ஆகும். ‘பயாஸ் போட்ட பிறகு அரை மணி நேரத்தில் ஆஃப் ஆகுது’ என்று திரும்பி வரும் லேப்டாப்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கம்பெனி வெப்சைட்டில் கிடைக்கும் அப்டேட் ஃபைலை அப்படியே சிப்பில் எழுதவும் முடியாது. அதில் பெரும்பாலும் பயாஸ் பகுதி மட்டும்தான் இருக்கும், கூடவே வேறு தலைப்பு விவரங்களும் ஒட்டியிருக்கும். சிப்புக்குத் தேவை முழுப் படம். அதனால்தான் பாதி கெட்ட பழைய நகல்கூட தங்கம் மாதிரி.

என் போட்டோ, ஃபைல் எல்லாம் போய்விடுமா?

போகாது. பயாஸ் சிப் வேறு, உங்கள் ஃபைல்கள் இருக்கும் ஹார்டு டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி வேறு. பயாஸ் எழுதுவதற்காக டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. கடையில் ஃபார்மட் செய்யணும் என்றால் ஏன் என்று கேளுங்கள். தனியாகக் கழற்ற முடிந்த டிஸ்க் என்றால் அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டே லேப்டாப்பைக் கொடுக்கலாம்.

ஒரே ஒரு ஆபத்து உண்டு: பிட்லாக்கர். விண்டோஸில் டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் அதன் சாவி டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதியோடு கட்டப்பட்டிருக்கும். பயாஸ் மாறியதும் அது சந்தேகப்பட்டு 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். பல லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டதும் இந்தப் பூட்டு தானாகவே ஆன் ஆகியிருக்கும், உங்களுக்கே தெரிந்திருக்காது. மீட்பு எண் பெரும்பாலும் அந்த அக்கவுன்ட்டிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். மெஷினைக் கடையில் கொடுப்பதற்கு முன் போனில் லாகின் செய்து அது இருக்கிறதா என்று பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் பயாஸ் சரியான பிறகும் உள்ளே இருக்கும் ப்ராஜெக்ட், போட்டோ எதையும் திறக்க முடியாது.

எப்போது இந்த வைத்தியம் பலிக்காது?

எல்லா போர்டையும் இப்படிக் காப்பாற்றிவிட முடியாது. தண்ணீர் புகுந்து பல இடத்தில் ஷார்ட் ஆன போர்டுக்குப் பயாஸ் எழுதி மட்டும் பயனில்லை. பவர், கீபோர்டு, ஃபேன் எல்லாவற்றையும் கவனிக்கும் ஈசி என்ற கன்ட்ரோலர் போயிருந்தால் அதற்குத் தனி வேலை. சில இன்டெல் மெஷின்களில் பூட் கார்டு என்ற பாதுகாப்பு ஆன் செய்யப்பட்டிருக்கும். கம்பெனியின் கையெழுத்து இல்லாமல் மாற்றிய பயாஸை அது ஏற்காது. அசல் ஃபைலே வேண்டும். ஆப்பிளின் எம் வகைச் சிப் மேக்குகளில் இந்த எட்டுக் கால் கிளிப் முறையே செல்லாது. அவற்றை ஆப்பிள் சொல்லும் வழியில் இன்னொரு மேக்கோடு இணைத்துத்தான் மீட்க வேண்டும்.

பயாஸ் பாஸ்வேர்டை எடுப்பதற்கும் இதே சிப்பைத்தான் தொட வேண்டியிருக்கும். அதற்காகப் போனால் வாங்கிய பில்லைக் கேட்பார்கள். கேட்காத கடையைவிடக் கேட்கும் கடை நல்லது.

கடையில் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

"அண்ணா, அழிக்கிறதுக்கு முன்னாடி பழைய பயாஸை பேக்கப் எடுப்பீங்களா? அந்த ஃபைலை எனக்கும் பென்டிரைவில் கொடுப்பீங்களா?" இதுதான் முதல் கேள்வி. நல்ல மெக்கானிக் இதற்குத் தயங்க மாட்டார். அவரே எடுத்து வைத்திருப்பார்.

அடுத்து, பார்ப்பதற்கு மட்டும் எவ்வளவு, சரியானால் எவ்வளவு, சரியாகாவிட்டால் எவ்வளவு என்று மூன்றையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். போர்டு மாற்ற வேண்டும் என்று சொன்னால், பயாஸை எழுதிப் பார்த்தீர்களா, சிப்புக்கு வோல்டேஜ் வந்ததா என்று கேளுங்கள். போர்டை மாற்றினால் பழைய போர்டைத் திரும்பக் கேளுங்கள். மெஷினைத் திரும்ப வாங்கும்போது பயாஸ் ஸ்கிரீனில் வரும் சீரியல் நம்பரும் அடியில் ஒட்டியிருக்கும் நம்பரும் ஒன்றா என்று அங்கேயே பாருங்கள். குறைந்தது முக்கால் மணி நேரமாவது ஓடவிட்டுப் பாருங்கள். செய்த வேலையைக் குறிப்பிட்டு பில் வாங்குங்கள்.

வாரன்டி இருக்கும் மெஷின் என்றால் முதலில் கம்பெனிதான். வெளியே திறந்தால் வாரன்டிக்குச் சிக்கல் வரலாம். கம்பெனிகளின் சர்வீஸ், உதிரிபாகம், வாரன்டி விவரங்களை ஒரே இடத்தில் தர மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று ‘பழுது பார்க்கும் உரிமை’ என்ற இணையதளத்தைத் தொடங்கியது. கம்பெனியோ கடையோ ஏமாற்றிவிட்டதாக நினைத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இனிமேல் நடக்காமல் இருக்க

நன்றாக ஓடும் மெஷினுக்குக் காரணமில்லாமல் பயாஸ் அப்டேட் போட வேண்டியதில்லை. பாதுகாப்புக் குறைபாட்டைச் சரி செய்யும் அப்டேட் என்று கம்பெனி சொன்னால் போடுங்கள். போடும்போது லேப்டாப்பில் பேட்டரி நிறைந்திருக்க வேண்டும், சார்ஜரும் சொருகியிருக்க வேண்டும். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் இல்லாமல் தொடவே வேண்டாம். இடி மின்னலோடு மழை பெய்யும் சாயங்காலம், ஈபி ஷட் டவுன் அறிவித்த நாள் இரண்டும் அதற்கு ஏற்ற நேரமில்லை. ஸ்கிரீன் கருப்பாகி ஃபேன் வேகமாகச் சுற்றினாலும் பவர் பட்டனில் கை வைக்காதீர்கள். அப்டேட்டின் நடுவே அது இயல்புதான்.

மழைத் தண்ணீர் பட்ட மெஷினை ‘ஆன் ஆகுதா பார்ப்போம்’ என்று ஆன் செய்து பார்க்காதீர்கள். சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, போர்டைக் கழுவிக் காய வைக்கத் தெரிந்த கடைக்கு நேராகக் கொண்டு போங்கள். தண்ணீர் மட்டும் பட்ட போர்டைவிட, தண்ணீரோடு கரண்டும் ஏறிய போர்டுதான் சீக்கிரம் சாகும்.

இப்போது உங்கள் மெஷின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் இன்றைக்கே இரண்டு வேலை செய்யலாம். பிட்லாக்கர் மீட்பு எண்ணை ஒரு தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரை, தேய்ந்து போவதற்கு முன், போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பரணில் ஏற்கெனவே ஒரு ‘போர்டு போன’ லேப்டாப் கிடந்தால், பழைய இரும்புக்குப் போடும் முன் பயாஸைப் பார்க்கச் சொல்லி ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.